முகத்தில் ஒரு சோதனைச்சாலை

உங்கள் வீட்டில் உள்ள பொருள்களிலேயே மிகவும் கூர்மையானது எது? அரிவாள்மணையா? தையல் ஊசியா? காய் நறுக்கும் கத்தியா? மூன்றும் இல்லை. குளியலறை மாடத்தில் காகித உறைக்குள் கிடக்கும் சவர பிளேடுதான் அது. அதன் தடிமன் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விளிம்பு சரிந்து சரிந்து முடியும் இடத்திலோ அதன் அகலம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இவ்வளவு நுட்பமான கருவியைச் சில ரூபாய் கொடுத்துப் பெட்டிக்கடையில் வாங்குகிறோம்.

பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மாணவர்களில் பலருக்கு இப்போது மீசை அரும்பத் தொடங்கியிருக்கும். அப்பாவின் ஷேவிங் செட்டை எடுத்து ஒரு முறை இழுத்துப் பார்ப்பது முதல் ஆசை. விளம்பரத்தில் பார்த்த விலை உயர்ந்த ரேசரை வாங்குவது அடுத்த ஆசை. முதல் ஆசை உடல் நலத்துக்கு ஆகாது. இரண்டாவது ஆசை வீட்டுச் செலவுக்கு ஆகாது. அப்படியானால் சிறுகச் சிறுக நல்ல கருவிகளுக்கு மாற விரும்பும் ஒருவர் எதை முதலில் மாற்ற வேண்டும், எதைக் கடைசியில் மாற்ற வேண்டும்? இதற்கு இயற்பியலும் வேதியியலும் தெளிவான விடை தருகின்றன. மீசை முளைக்காதவர்களும், முளைக்கவே போகாத மாணவியரும் இதில் வரும் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

ரோமமும் நீரும்

முகத்து ரோமம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும் மாட்டின் கொம்பும்கூட இதே புரதம்தான். இதன் நீண்ட மூலக்கூறுகளைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டிவைப்பவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்புகளும் அடங்கும். உலர்ந்த நிலையில் இந்தக் கட்டு இறுக்கமாக இருக்கிறது. நீர் உள்ளே புகுந்ததும் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைத் தளர்த்துகின்றன. ரோமம் உப்புகிறது. அதன் குறுக்களவு சுமார் 14, 15 விழுக்காடு கூடுகிறது. நீளமோ ஓரிரு விழுக்காடே கூடுகிறது.

இந்த நீட்சியை முதன்முதலில் பயனுள்ளதாக்கியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹொரேஸ் பெனடிக்ட் டி சோசூர். காற்றின் ஈரப்பதம் கூடக் கூட முடி நீள்கிறது என்பதைக் கொண்டு 1783-ல் அவர் முடி ஈரமானியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இயற்பியல் பாடத்தில் ஈரமானிக்கு உதவும் அதே பண்புதான் சவரத்திலும் உதவுகிறது. ஊறிய ரோமத்தை வெட்டத் தேவைப்படும் விசை, உலர்ந்த ரோமத்துக்குத் தேவைப்படுவதைவிட மிகவும் குறைவு.

ஆனால் நீர் உள்ளே புக நேரம் வேண்டும். தோல் சுரக்கும் எண்ணெய் ரோமத்தின் மேல் படிந்து நீரைத் தடுக்கிறது. ஆகையால் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஈரமாக வைத்திருந்து, பிறகே சவரம் செய்ய வேண்டும். குளித்து முடித்த கையோடு செய்வது இன்னும் எளிது. இதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம். இதற்குக் காலணாவும் செலவில்லை.

அம்பத்தூர்த் தண்ணீரும் ஆவடித் தண்ணீரும்

இரண்டாவது மாற்றமும் தண்ணீரில்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு நான் சொல்லாமலே இது தெரியும். ஒரே தெருவில் ஒரு வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு நுரைக்கும். நான்கு வீடு தள்ளி நுரைக்கவே நுரைக்காது. வாளியின் உட்புறத்தில் வெள்ளையாக உப்புப் படியும். குழாய்த் திருகின் வாயில் சுண்ணாம்புபோல் கட்டி பிடிக்கும். இதுவே கடின நீர்.

பாறை இடுக்குகளிலும் மண் அடுக்குகளிலும் ஊறி வரும் நீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. கால்சியம் அயனி ஒன்று இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறிவிடுகிறது. முகத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்வதும், ரேசரின் இடுக்கில் வெள்ளையாகப் படிவதும் இந்தக் கசடுதான்.

எவ்வளவு சோப்பு வீணாகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். குடிநீரின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் அளவில், லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. இடையில் 300 மில்லி கிராம் என்று வைத்துக்கொள்வோம். கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. எனவே லிட்டரில் 3 மில்லி மோல் கால்சியம் இருக்கிறது. அது 6 மில்லி மோல் சோப்பைப் பிடிக்கும். சோடியம் ஸ்டியரேட்டின் மூலக்கூறு எடை 306. ஆறையும் 306-ஐயும் பெருக்கினால் 1836 மில்லி கிராம். அதாவது, ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.8 கிராம் சோப்பு நுரையாகும் முன்பே செத்துப்போகிறது.

இந்தக் கணக்கிலேயே தீர்வும் அடங்கியிருக்கிறது. முகத்துக்கு நுரை கட்ட ஒரு வாளி நீர் தேவையில்லை. அரை டம்ளர் போதும். அந்த அரை டம்ளரை மட்டும் நல்ல நீராக எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளிலிருந்து குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் பொதுவாகக் கடினத்தன்மை குறைவு. கேன் தண்ணீரும் ஆகும். மழைநீர் எல்லாவற்றிலும் மேல். தமிழகம் முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது அல்லவா? மாடியிலிருந்து இறங்கும் அந்த நீரில் ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் பல நாள் சவரத்துக்கு வரும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆழ்குழாய் நீரையே கொதிக்கவைத்துத் தெளியவிடுங்கள். பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை நீங்கிவிடும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஆழ்குழாய் நீர், குழாய் நீர், மழைநீர் ஆகியவற்றை 50 மில்லி லிட்டர் வீதம் எடுங்கள். துணி சோப்பையோ குளியல் சோப்பையோ சீவிக் கரைத்த கரைசலில் ஒவ்வொன்றிலும் 10 சொட்டு விடுங்கள். (சலவைத்தூளோ ஷாம்புவோ வேண்டாம். அவற்றிலுள்ள செயற்கை அழுக்ககற்றிகளைக் கடின நீர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை.) மூடி 20 முறை குலுக்குங்கள். உடனே நுரையின் உயரத்தை அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அளவுங்கள். உங்கள் வகுப்பில் முப்பது பேர் தத்தம் வீட்டு நீரைக் கொண்டுவந்தால், ஊரின் நிலத்தடி நீர் வரைபடம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

சோப்பும் பிரஷும்

சவரச் சோப்புக்கும் குளியல் சோப்புக்கும் என்ன வேறுபாடு? தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் பெரிய பெரிய குமிழிகளை விரைவில் எழுப்பும். அவை விரைவிலேயே உடைந்தும் போகும். ஸ்டியரிக் அமிலமோ சிறிய, நெருக்கமான, நெடுநேரம் நிற்கும் நுரையைத் தரும். சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு சோப்பாக்குவதால் அது மிருதுவாகவும் எளிதில் கரைவதாகவும் இருக்கிறது. கூடவே நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் கிளிசரினும் இருக்கும்.

நுரையின் வேலை அழகுக்காக வெள்ளையாக இருப்பது அன்று. அது ரோமத்தின் மேல் போர்த்திய ஈரப் போர்வை. ஊறிய ரோமம் மறுபடி உலராமல் காக்கிறது. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கும் படலமாகவும் நிற்கிறது. நுரை நன்றாக இருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை: இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். பஞ்சுபோல் உலர்ந்திருந்தால் இன்னும் சில சொட்டு நீர் வேண்டும்.

சோப்பில் நீரையும் காற்றையும் கலப்பதே பிரஷின் பணி. நைலான் இழைப் பிரஷ் இதற்குத் தாராளமாகப் போதும். பன்றி முடியும் பேட்ஜர் என்னும் விலங்கின் முடியும் நீரை அதிகம் தாங்கும், விலையும் அதிகம். ஆனால் எந்தப் பிரஷாக இருந்தாலும் கழுவி, உதறி, காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், நோய் நீக்கப்படாத குதிரை முடியால் செய்த பிரஷ்கள் வழியாகப் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்கு ஆந்திராக்ஸ் என்னும் கொடிய நோய் தொற்றியது. பிரஷ் சிறு பொருள்தான். ஆயினும் அது தோலைத் தொடும் பொருள்.

பிளேடின் கதை

பழைய நாளில் சவரக் கத்தியைச் சாணை பிடித்துத் தோல் பட்டையில் தீட்ட வேண்டும். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளருக்கு 1895-ல், தீட்டவே வேண்டாத, பயன்படுத்தியபின் எறிந்துவிடும் மெல்லிய தகடு ஒன்றைப் பற்றிய எண்ணம் தோன்றியது. காகிதம்போன்ற எஃகுத் தகட்டைக் கோணாமல் கடினமாக்க முடியாது என்று அறிந்தவர்கள் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். விற்பனை தொடங்கிய 1903-ல் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. அடுத்த ஆண்டிலேயே 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட ரேசர்கள் விற்றன.

அந்தக் காலத்துப் பிளேடு கார்பன் எஃகால் ஆனது. ஈரம் பட்டால் துருவேறும். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வோர்டு என்ற ஆங்கிலேய நிறுவனம் துருப்பிடிக்காத எஃகுப் பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றது. இன்றைய பிளேடின் எஃகில் சுமார் 13 விழுக்காடு குரோமியம் உண்டு. விளிம்பின் மேல் ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே பாலிமர் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு புதிர். ரோமத்தைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. பிறகு ஏன் பிளேடு மழுங்குகிறது? 2020-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை வெளியிட்டனர். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அன்று!) மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பிளேடு ரோமத்தை வெட்டுவதை அவர்கள் கவனித்தார்கள். விளிம்பு தேய்ந்து உருண்டையாகவில்லை. சிறு சிறு சில்லுகளாகப் பெயர்ந்தது. ரோமம் வளைந்து பிளேடைச் சாய்வாகத் தாக்கும்போது, எஃகின் நுண் அமைப்பு சீராக இல்லாத இடத்தில், ரோமம் விளிம்பின் ஒரு பக்கத்தில் மோதினால் சில்லு பெயர்கிறது. உளுந்து மூட்டையில் கல் உடைவதுபோல!

பிளேடை மாற்றிப் பார்ப்பது மலிவான மாற்றம். டோபாஸ், செவன் ஓ கிளாக் போன்ற பெயர்கள் பல தலைமுறைகளாக நம் கடைகளில் விற்பனையாகி வந்தவை. இரு பக்கப் பிளேடுகள் அனைத்தும் ஒரே அளவின. எந்த நிறுவனத்துப் பிளேடும் எந்த நிறுவனத்து ரேசரிலும் பொருந்தும். ஒரு தரமுறையை எல்லோரும் பின்பற்றினால் போட்டி பெருகி விலை குறையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கார்ட்ரிஜ் ரேசர்கள் அப்படி இல்லை. பெரும்பாலும் அந்தந்தக் கைப்பிடிக்கு அந்தந்த நிறுவனத்து கார்ட்ரிஜையே வாங்கியாக வேண்டும்.

ரேசர் கடைசியில்தான்

ரேசரின் தலைப்பகுதி ஏன் வளைந்திருக்கிறது? ஒரு காகிதத் துண்டை ஒரு முனையில் பிடித்துத் தட்டையாக நீட்டுங்கள். அது துவண்டு தொங்கும். அதையே நீளவாக்கில் ஓடைபோல் சற்று வளைத்துப் பிடியுங்கள். விறைத்து நிற்கும்! ரேசரின் மூடி பிளேடை வளைத்து இறுக்குவதும் இதற்காகவே. பிளேடு அதிராமல் நிற்பதற்கும், தோலில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கும் இந்த வடிவமே பொறுப்பு. இது சரியாக அமைந்துவிட்டால் அதற்கு மேல் தரும் பணம் பெரும்பாலும் உலோகத்துக்கும் மெருகுக்கும்தான்.

அந்த மெருகைப் பற்றி அம்பத்தூர்க்காரர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1949-ல் அங்கே தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையும், பிறகு எழுந்த தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளும், முலாம் பூசும் கூடங்களும் அந்த ஊரின் அடையாளம். சைக்கிள் ஹேண்டில்பார் பளபளப்பதும் ரேசர் பளபளப்பதும் ஒரே வித்தையால்தான். அடியில் நிக்கல், அதன் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியப் படலம். விலை குறைந்த ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியவை. படலம் கீறிப்போனால் உள்ளிருக்கும் துத்தநாகம் அரிக்கத் தொடங்கும். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கீழே போடாமல், கழுவித் துடைத்து வைத்தால் மலிவான ரேசரும் ஆண்டுக்கணக்கில் வரும்.

ரேசரைக் கன்னத்தோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் பிடியுங்கள். அழுத்தாதீர்கள், ரேசரின் எடையே போதும். ரோமம் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். வெட்டுப்பட்டால் படிகாரக் கல்லை நனைத்துத் தடவலாம். படிகாரம் புரதத்தை உறையச் செய்து சிறு காயங்களின் குருதியை நிறுத்தும். முகப்பரு மிகுதியாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குவது நல்லது.

இன்னொன்று. சவரம் செய்தால் முடி தடிப்பாக வளரும் என்று நண்பர்கள் சொல்வார்கள். 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் இதை ஆராய்ந்து, சவரத்தால் வளர்ச்சியில் மாறுதல் இல்லை என்று காட்டிவிட்டார். இயற்கையாக வளரும் ரோமத்தின் நுனி கூம்பியிருக்கும். வெட்டிய ரோமத்தின் நுனி தட்டையாக இருப்பதால் தடவும்போது முரடாகத் தோன்றுகிறது. அவ்வளவே.

தண்ணீர்க் குழாயை மறந்த சோதனை

இந்தியாவுக்காக ஒரு ரேசரை ஜில்லெட் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதை அமெரிக்காவில் மேலே சொன்ன மாசசூசெட்ஸ் கழகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் தோற்றது. ஏன்? அமெரிக்காவில் மாணவர்கள் திறந்த குழாயில் ரேசரைக் கழுவினார்கள். இங்கோ பலர் ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சவரம் செய்கிறார்கள். குவளை நீரில் முக்கினால் பிளேடுகளுக்கிடையே சிக்கிய ரோமம் போகவில்லை.

பிறகு ஆய்வாளர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து கவனித்தார்கள். அதன் பயனாக 2010-ல் ஒற்றைப் பிளேடும், எளிதில் அலசும் அமைப்பும், மிகக் குறைந்த உறுப்புகளும் கொண்ட மலிவான ரேசர் வந்தது. அப்போது ரேசரின் விலை 15 ரூபாய். மாற்றுப் பிளேடு 5 ரூபாய். பயன்படும் இடத்தில் செய்யாத சோதனை அரைச் சோதனையே என்பதை மாணவ விஞ்ஞானிகள் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

புது ரேசர், புது சோப்பு, புது பிளேடு மூன்றையும் ஒரே நாளில் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? முகம் எரிந்தால் எது காரணம் என்று தெரியாது. எரியாவிட்டாலும் எது உதவியது என்று தெரியாது. ஆகையால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை அப்படியே வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கைந்து சவரமாவது கொடுங்கள். எரிச்சல், வெட்டு, தப்பிய ரோமம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள்.

இதைவிட நல்ல முறையும் உண்டு. இயற்கை உங்களுக்கு இரண்டு கன்னங்களைத் தந்திருக்கிறது! இடக் கன்னத்தில் ஆழ்குழாய் நீர் நுரை, வலக் கன்னத்தில் மழைநீர் நுரை என்று ஒரே நாளில் ஒப்பிடலாம். தோல் மருத்துவ ஆய்வாளர்களும் இப்படி ஒரு பாதியை மற்றப் பாதியோடு ஒப்பிடுவது உண்டு. ஆனால் வலக்கைக்காரருக்கு ஒரு கன்னம் எளிதாகவும் மற்றது கடினமாகவும் இருக்கும். எனவே எந்தக் கன்னத்துக்கு எது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டித் தீர்மானியுங்கள். கிண்ணங்களைத் தம்பியிடம் கொடுத்து, எதில் எந்த நீர் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் வைக்கச் சொன்னால் இன்னும் சிறப்பு. விலை உயர்ந்தது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம் எண்ணம் முடிவைக் கெடுக்காது.

செலவையும் கணக்கிடுங்கள். ஒரு பேச்சுக்கு, இரு பக்கப் பிளேடு ரேசர் 500 ரூபாய், பிளேடு 3 ரூபாய், ஒரு பிளேடில் நான்கு சவரம் என்று கொள்வோம். வாரம் இருமுறை என்றால் ஆண்டுக்குச் சுமார் 100 சவரம், 25 பிளேடு, 75 ரூபாய். பத்தாண்டில் ரேசரையும் சேர்த்து 1250 ரூபாய். 100 ரூபாய் கார்ட்ரிஜில் பத்துச் சவரம் வந்தால் பத்தாண்டில் 10,000 ரூபாய். உங்கள் தெருக் கடையின் உண்மை விலைகளைக் கேட்டு இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பகிரக் கூடாதது

அப்பாவின் பிளேடை எடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கசியும் குருதி பிளேடில் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ்-பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஆகவே பிளேடும் ரேசரும் படிகாரக் கல்லும் ஆளுக்கு ஒன்று. முடிதிருத்தும் நிலையத்தில் புது பிளேடை உங்கள் கண்முன் மாற்றச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதற்கும் செலவில்லை. தேய்ந்த பிளேடை உறையில் சுற்றிக் குப்பையில் போட்டாலும், காலையில் அந்தக் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலை அது தேடிப் போகும். சவரத்துக்கு மழுங்கிய பிளேடு விரலுக்கு மழுங்கியதல்ல. பவுடர் டப்பா போன்ற தகர டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் பெரியவர்களைக் கொண்டு சிறு பிளவு போட்டு, மூடியை நன்றாக ஒட்டிவிடுங்கள். தேய்ந்த பிளேடுகள் எல்லாம் அதற்குள் போகட்டும். பல ஆண்டு கழித்து நிறையும்போது டப்பாவோடு பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். எஃகு மறுபடி உலைக்குப் போகும். புது ரேசர் வாங்குவதற்கு முன், முதலில் இந்த டப்பாவைச் செய்து வையுங்கள்.